கோபுரம் இல்லாத நிழல்

மொட்ஜெவோ நகர மன்றக் கோபுரத்தை 1945 ஜனவரியில், பின்வாங்கிப் போன ஜெர்மானியர்கள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் நிழல் மட்டும் அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் சந்தைத் திடலில் விழுந்துகொண்டிருந்தது. வெயில் அடித்தால் இருக்கும், மேகம் மூடினால் இராது. காலையில் மதுவடிப்பாலைப் பக்கம் நீண்டு கிடக்கும், நண்பகலில் தேவாலயப் பக்கம் சுருங்கும், மாலையில் மருந்துக்கடை வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த வகையில் அது ஒழுங்கான நிழல்தான். கோபுரம் இருந்த இடத்தில் செங்கல் குவியல் ஒன்றுதான் கிடந்தது, கொஞ்ச நாளில் அதையும் ஊரார் கோழிக்கூண்டு கட்டவும் அடுப்பு போடவும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போர் முடிந்த ஊரில் சும்மா கிடக்கிற செங்கல்லை யார்தான் விட்டுவைப்பார்கள்?

இந்த ஊருக்கு அதிசயம் புதிதல்ல. ஸ்வீடன்காரர்கள் படையெடுத்து வந்து தேவாலய மணியைப் பிடுங்கிக்கொண்டு போனபோது அது ஆற்றில் விழுந்தது. அன்றிலிருந்து ஞாயிறு காலையில் ஒக்னா ஆற்றில் ஒரு மீனும் வலையில் விழாது, பூசை முடிந்த பிறகுதான் விழும். திடல் மூலையில் தீயணைப்போரின் காவலரான புனித ஃப்ளோரியன் கல்வாளியோடு நிற்கிறார். ஊரில் தீப்பிடிப்பதற்கு முதல் நாள் அந்த வாளி வியர்க்கும். மர வீடும் வைக்கோல் கூரையுமாக இருந்த ஊர் என்பதால் அது அடிக்கடி வியர்த்தது. அதனால்தான் கோபுரமே கட்டினார்கள், உச்சியில் சுற்றிவர ஒரு மாடமும், அதில் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு காவலனும், அவன் கையில் ஒரு எக்காளமும். ஆற்றங்கரைத் தெருக்களில் யூதர்கள் இருந்தார்கள், ஊரில் பாதிப்பேர் அவர்கள்தான். 1942 இலையுதிர்காலத்தில் அவர்களை ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அவர்களுக்கு ஒரு நிழல்கூட மிஞ்சவில்லை. இந்த ஊரில் அதிசயம் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்ததில்லை, இதைச் சொல்லாமல் மேலே போனால் அது வரலாறு ஆகாது.

கோபுரம் வெடித்த அன்று மாடத்தில் காவலில் இருந்தவன் லுதோமிர், மனைவிக்கு லுதெக். இருபத்தேழு வயது, கல்யாணமாகி ஐந்து மாதம். அவன் மனைவி அபொலோனியா, ஊருக்குப் போலா. வெடிச்சத்தம் கேட்டபோது அவள் மாடு கறந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய் வெறும் கையால் செங்கல்லைக் கிளறினாள், நகமெல்லாம் பிய்ந்தது, அவனுடைய ஒரு சட்டைப் பொத்தான்கூட அகப்படவில்லை. மறுநாள் வானம் வெளுத்தது. திடலின் பனிமேல் கோபுரத்தின் நிழல் முழுசாக விழுந்து கிடந்தது. அதன் மாடத்தில் நீண்ட அங்கி போட்ட ஒரு சின்ன நிழல் சுற்றிச் சுற்றி நடந்தது, நண்பகலில் நின்று எக்காளத்தை வாயில் வைத்தது. சத்தம் வரவில்லை. கூடியிருந்தவர்கள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். ஊருக்குள் வந்த சோவியத் அதிகாரி ஒருவர் நிழலைச் சுற்றி ஒருமுறை நடந்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பிறகு வோட்கா கேட்டார்.

இரண்டு கோடை போவதற்குள் ஊருக்குப் பழகிவிட்டது. வெண்ணெய் விற்கிற பெண்களுக்குத்தான் முதலில் புத்தி வந்தது. திடலில் வேறு மரமோ கூரையோ கிடையாது, வெயிலில் வெண்ணெய் உருகி ஓடிவிடும். ஈர இலையில் சுற்றிய வெண்ணெயும் பாலாடைக்கட்டியுமாக அவர்கள் நிழலுக்குள் வரிசையாக உட்கார்ந்தார்கள். நிழல் நகர நகர, கூடையை இழுத்துக்கொண்டு அவர்களும் நகர்ந்தார்கள். ஆகவே மொட்ஜெவோவின் வெண்ணெய்ச் சந்தை காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் இருக்கும். வெண்ணெய்க்காரிகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தே ஊர் நேரம் சொல்லும். நிழலில் யாருக்கு எந்த இடம் என்று சண்டை வரும், கூந்தல்கூடப் பிய்யும். ஆனால் மாடத்தின் நிழல் விழுகிற நுனி இடத்தை மட்டும் யாரும் கேட்டதில்லை. அது போலாவுக்கு.

அவள் அங்கே உட்கார்ந்து லுதோமிரோடு பேசுவாள். யார் வீட்டு மாடு ஈன்றது, யார் வீட்டுப் பெண் யாரோடு ஓடினாள், எந்த வருடம் காளான் நன்றாக முளைத்தது என்று ஒன்று விடாமல் சொல்வாள். அவன் நிழல் நடந்துகொண்டே இருக்கும். அவள் நிழல் பக்கத்தில் விழும். நிழலுக்குச் சுருக்கம் விழாது, நரைக்காது. ஆகவே தரையில் அவர்கள் இருவரும் எப்போதும் ஒரே வயதுதான். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மனைவியை இழந்த மாவுமில்லுக்காரர் ஒருவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு அவளைப் பெண் கேட்டு வந்தார். போலா, "மெதுவாப் பேசுங்க, என் புருஷன் காதுல விழப்போகுது" என்றாள். அவர் தன் காலடியைப் பார்த்தார். மாடத்து நிழல் கைப்பிடியில் குனிந்து நின்றுகொண்டிருந்தது. மில்லுக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர் வெண்ணெய்கூட வாங்கவில்லை.

1975இல் மாநில அறுவடைத் திருநாளை மொட்ஜெவோவில் நடத்துவது என்று மேலிடம் முடிவு செய்தது. பெரிய மனிதர்கள் கார்களில் வருவார்கள், ரொட்டியும் கதிர்மாலையும் வாங்கிக்கொண்டு கைதட்டிவிட்டுப் போவார்கள். கார் போகிற சாலையைப் பார்த்த சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள், பார்க்காத சுவர்களை அப்படியே விட்டார்கள். பசுக்களைக் குளிப்பாட்டினார்கள். நகரத் தலைவர் கொர்னெல் வில்காவுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். போலாவின் கூடைக்குப் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார்.

"போலா அம்மா, பெரியவங்க வர்றாங்க. திடல்ல கோபுரமே இல்லாம ஒரு நிழல் கிடந்தா, நான் என்னன்னு சொல்லுவேன்?"

"உள்ளதைச் சொல்லுங்க தலைவரே."

"உள்ளதைச் சொன்னா என்னைத் தூக்கிடுவாங்கம்மா. நிழல்னு ஒண்ணு இருந்தா அதுக்கொரு காரணம் இருக்கணும். அதான் விஞ்ஞானம். காரணத்தைக் கட்டிடப் போறோம், அவ்வளவுதான்."

"புதுக் கோபுரம் புது நிழலைத்தானே போடும்? அதுல என் லுதெக் இருப்பானா?"

கொர்னெல் தரையில் நடந்துகொண்டிருந்த சின்ன நிழலைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார்.

அஸ்திவாரக் குழி தோண்டிய அன்று போலா வெண்ணெய்க் கூடையோடு குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். வேலையாட்கள் அவளைச் சுற்றித் தோண்டினார்கள். யாரும் அவள்மேல் கை வைக்கவில்லை. மத்தியானம் எவ்ஸ்தாஹி பாதிரியார் வந்து, "எழுந்திரு மகளே" என்றார். "நீங்க போங்க சாமி, உங்க கோபுரம் உங்களுக்கு இருக்கு" என்றாள். ஆனால் மாலையில் மாட்டைக் கறக்க வேண்டுமே! மாட்டுக்குப் போராட்டம் தெரியுமா, மறியல் தெரியுமா? அவள் கறந்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் சிமென்ட்டைக் கொட்டிவிட்டார்கள்.

கோபுரத்தின் படம் எதுவும் ஊரில் தப்பவில்லை. அதனால் தரையில் கிடந்த நிழலைப் பார்த்தே கட்டினார்கள். செங்கல் ஏற ஏற, நிழலின் அடிப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அதற்குச் சொந்தமாயிற்று. மேற்பகுதி மட்டும் இன்னும் எதனுடைய நிழலும் இல்லாமல் கிடந்தது. போலா தினமும் வந்து நுனியில் உட்கார்ந்தாள். பேச்சு நின்றுபோயிற்று, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஆகஸ்ட் பிறந்தபோது நாள் நெருங்கிவிட்டது, வரவேண்டிய மரம் வரவில்லை. கொர்னெல் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். படிக்கட்டு கோபுரத்துக்கு உள்ளே போகிறது, வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. அதை விட்டுவிடலாம் என்றார். கடிகாரத்துக்கும் இயந்திரம் வரவில்லை, முள்ளைப் பன்னிரண்டில் வைத்து வரைந்துவிட்டார்கள். அவசரத்தில் கட்டினால் அப்படித்தான். அந்தக் காலத்தில் இதைக் கேட்டு யாரும் சிரிக்கக்கூட மாட்டார்கள், எல்லா ஊரிலும் ஏதோ ஒன்று அப்படித்தான் நின்றது.

திருநாள் காலையில் சாரத்தைப் பிரித்து, பக்கத்து ஊருக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். வெயில் ஏறியது. கோபுரமும் நிழலும் முதன்முதலாக ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றன. போலா நுனியைப் பார்த்தாள். மாடம் இருந்தது, கைப்பிடி இருந்தது, நடக்கிற நிழல் இல்லை. அவள் கூடை கவிழ்ந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, நிழல் விழுந்த கல்லைக் கையால் தடவினாள். ஐயோ, முப்பது வருடமாக அவளுக்கென்று இருந்ததே அந்த ஒரு கையளவு இருட்டுத்தான்! பக்கத்துக் கூடைக்காரி கெனொவேஃபா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். சண்டைக்கு முதல் ஆளாக நிற்கிற அந்த வாய்க்காரி, கவிழ்ந்த கூடையை நிமிர்த்தி வைத்தாள்.

அப்போது மேலேயிருந்து எக்காளம் கேட்டது. முதலில் கரகரத்தது, பிறகு தெளிந்தது. நண்பகல் ஊதல். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதைக் கேட்டதே இல்லை; மற்றவர்கள் கேட்டவுடனே அழுதுவிட்டார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மாடத்தில் லுதோமிர் நின்றான், நிழலாக அல்ல, ஆளாக. செப்டம்பர் வெயிலில் ஜனவரிக்கு உரிய கம்பளி அங்கி போட்டிருந்தான், முகமெல்லாம் வியர்வை. அதே இருபத்தேழு வயது. அந்தச் சமயம் பார்த்துக் கார்கள் வந்து நின்றன. பெரிய மனிதர் ஒருவர் இறங்கி, மேலே பார்த்து, "பழைய காலத்து உடுப்பா? நல்ல யோசனை" என்று கைதட்டினார். "எங்க கலைக்குழுதாங்க" என்றார் கொர்னெல்.

கார்கள் போனபிறகுதான் ஊருக்கு உறைத்தது, அவன் இறங்கப் படிக்கட்டு இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. தீயணைப்பு வண்டியின் ஏணி பாதிக் கோபுரத்தோடு நின்றது. கைவலு உள்ள ஒருவன் கல்லைக் கட்டிக் கயிற்றை எறிந்தான், லுதோமிர் பிடித்துக்கொண்டான், வாளியில் சூப்பும் ரொட்டியும் ஏறின. சாப்பிட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "போலா எங்கே?" என்று கத்தினான்.

"வீட்டுல! மாடு கறக்குறா!" என்று கெனொவேஃபா கத்தினாள்.

மறுநாளும் கேட்டான். மாடு கறக்கிறாள் என்றாள். அதற்கு மறுநாளும் கேட்டான்.

"அந்த மாடு என்ன ஆறா? வத்தவே வத்தாதா?" என்றான் லுதோமிர்.

கெனொவேஃபா நேரே போலாவின் வீட்டுக்குப் போனாள். போலா சமையலறையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் சூப்பு கொதித்தது. வாளியில் ஏறியது எல்லாம் அவள் சமைத்ததுதான்.

"ஏண்டி, இத்தனை வருஷம் நிழலைக் கட்டிக்கிட்டு அழுதே. இப்ப ஆளே வந்து நிக்குறான், நீ அடுப்படியில பதுங்கிக்கிறியா?"

"கண்ணாடி பார்த்தேன் கெனியா. அவன் விட்டுட்டுப் போனது இருபத்தாறு வயசுப் பொண்ணை. நான் போய் நின்னா, ‘பாட்டி, என் பொண்டாட்டியைப் பார்த்தீங்களா’ன்னு கேப்பான். அதைக் கேக்குறதுக்கு நான் செத்துப் போயிடலாம்."

"விட்டுட்டுப் போனானா? அவன் எங்கடி போனான்? அங்கேயேதானே இருந்தான்!"

போலா சூப்பைக் கிண்டினாள். கெனொவேஃபா அங்கிருந்து நகர மன்றத்துக்குப் போனாள். படிக்கட்டை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்க எழுதியிருப்பதாகக் கொர்னெல் சொன்னார்.

"அடுத்த வருஷமா? அதுக்குள்ள அவன் தலையில நாரை கூடு கட்டிடும் தலைவரே!"

அவள் வீட்டுக்கு வந்து, சமையலறைக் கதவைக் கழற்றி, தலையில் வைத்துக்கொண்டு திடலுக்குப் போனாள். புருஷன் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தான். திடலில் கூட்டத்தைப் பார்த்ததும், கதவைத் தானே கொண்டுவந்தது போல் தாங்கிப் பிடித்தான். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது. கட்டில் பலகை வந்தது, அலமாரித் தட்டு வந்தது, பன்றிக்கொட்டில் கதவு நன்றாகக் கழுவி வந்தது. பாதிரியார் பழைய பாவமன்னிப்புக் கூண்டைப் பிரித்துக் கொடுத்தார். அந்தப் படியில் கால் வைத்தால் இன்றைக்கும் எதையாவது ஒப்புக்கொள்ளத் தோன்றும் என்பார்கள். ஆனால் அதெல்லாம் பாதிக் கோபுரத்துக்குத்தான் போதும். விழாவுக்காகப் போட்ட மேடை திடலிலேயே நின்றது, புத்தம் புதுப் பலகை. ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாரும் அதையே பார்த்தார்கள். கொர்னெல் சன்னலை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே இறங்கி வந்தார், கையில் கடப்பாரை. பெரிய மனிதர் நின்ற பலகையைச் சிவப்புத் துணியோடு அவர் கையாலேயே பெயர்த்து எடுத்தார். ஒரு படி உயரம், ஒரு படி குட்டை, ஒன்றில் கதவின் பூட்டுத் துவாரம். ஏறிப் பார்த்த தச்சர், தாங்கும் என்றார்.

படிக்கட்டு மாடத்தைத் தொட்ட அன்று ஊரே கூடி நின்றது. லுதோமிர் இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இறங்கி வா மகனே!" என்றார் பாதிரியார்.

"முறை மாத்த ஆள் வரட்டும் சாமி! காவலை அப்படியே போட்டுட்டு எப்படி இறங்குறது?"

அப்போதுதான் மூத்தவர்களுக்கு நினைவு வந்தது. தீக்காவலின் சட்டம் அது: அடுத்த ஆள் மேலே வந்து, கையிலிருந்து எக்காளத்தை வாங்கிக்கொண்டால்தான் முன்னவன் இறங்கலாம். அந்த ஜனவரியில் முறை மாற்ற வேண்டியவர் குண்டுச் சத்தத்துக்குப் பயந்து நிலவறையில் ஒளிந்துகொண்டார், பிறகு அவரும் செத்துப்போனார். கோபுரம்தான் இல்லையே என்று வேறு யாரையும் நியமிக்கவில்லை. முப்பது ஆண்டுகள் ஊர் அவன் நிழலில் வெண்ணெய் விற்றது, அவனைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்தியது. அவனுடைய முறை முடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. திடலில் நின்றவர்கள் வெட்கத்தில் தரையைப் பார்த்தார்கள். தீயணைப்புப் படையின் இளைஞர்கள் நாலைந்து பேர் முன்னே வந்தார்கள்.

புனித ஃப்ளோரியன் சிலைக்குப் பின்னாலிருந்து போலா வெளியே வந்தாள். யாருக்கும் தெரியாமல் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவன் தன்னோடு இருப்பதற்காக அங்கே நிற்கிறான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். வேலை முடியாமல் நின்றிருக்கிறான், தூங்காமல் நின்றிருக்கிறான். அந்த நினைப்பில் அவளுக்குத் தன் முகத்துச் சுருக்கமே மறந்துபோயிற்று.

"தள்ளுங்கடா" என்றாள். "அவன் என் புருஷன்."

ஏறினாள். மூட்டு வலித்தது, படிகள் முனகின. அலமாரிப் பலகையில் ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மேலே வந்தபோது முக்காடு நழுவி, நரைத்த தலை வெயிலில் முழுசாகத் தெரிந்தது. இழுத்து மூடக் கை போயிற்று. அதற்குள் லுதோமிர் வந்து அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தான்.

"இடது மூட்டுதானே?" என்றான். "போன குளிர்காலத்துலேருந்து இழுத்து இழுத்து நடக்குறே. வெந்நீர் ஒத்தடம் குடுக்கலையா?"

"நான் கிழவி ஆயிட்டேன் லுதெக்" என்றாள்.

"தெரியும். தினம் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். நீ என்ன ஒரே நாள்லயா ஆனே? கொஞ்சம் கொஞ்சமா, என் கண்ணு முன்னாலதானே ஆனே."

அவள் அழுதாள். அவனும் அழுதான். கீழே ஊர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பெண் என்பதால் அவளுக்கு அது பிடிக்கவில்லை. முக்காட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"எக்காளத்தைக் குடு. இது என் முறை. நீ போய்த் தூங்கு."

நண்பகலில் போலா ஊதினாள். முன்பின் ஊதியறியாதவள், பசிக்கிற கன்றுக்குட்டி கத்துவது போல் ஒரு சத்தம் வந்தது, புறாக்கள் கலைந்து பறந்தன. கொர்னெல் தொப்பியைக் கழற்றினார், பிறகு எல்லா ஆண்களும் கழற்றினார்கள். லுதோமிர் படியிறங்கி, தெருவைக் கடந்து, தன் வீட்டுக் கட்டிலில் படுத்தான். கட்டில் பலகையில் ஒன்று படிக்கட்டுக்குப் போயிருந்தது, அவன் கவனிக்கவில்லை. ஞாயிறு வரை தூங்கினான். தீயணைப்புப் படை இளைஞர்களும் சேர்ந்துகொண்டு முறை போட்டு ஏறினார்கள், போலாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும். அவள் ஊதல் கடைசிவரை தேறவேயில்லை.

போலாவுக்கு மகன் வயதில் புருஷன் என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சேர்ந்து தேவாலயத்துக்குப் போனால் ஒரு பேச்சு, போகாவிட்டால் ஒரு பேச்சு. கெனொவேஃபா ஒருத்திதான், "ஏன், உங்க வீட்டுக் கிழவனுக்கு நீங்க சூப்பு ஊட்டலையா?" என்று எதிர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த ஆண்டு உருளைக்கிழங்கு அமோகமாக விளைந்துவிட்டது. அக்டோபர் மழைக்கு முன்னால் தோண்டியாக வேண்டும், ஆள் போதவில்லை, பேச நேரமில்லை. லுதோமிரையும் கூப்பிட்டார்கள். போனான்.